டைக்கோ பிராகே எடுத்த அளவுகளை வைத்துத்தானே கெப்ளர் பெயர் வாங்கினார்? இதில் அவருடைய சாதனை என்ன?

கேள்வி கேட்டவர் அநேகமாகக் கல்லூரியில் படிப்பவராக இருப்பீர்கள். ஒருவர் ராப்பகலாக உழைத்து எடுத்ததை இன்னொருவர் எழுதிப் பேர் வாங்குவதை நேரில் பார்த்திருப்பீர்கள் போலிருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதை, கோள்கள் சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று கண்ட கெப்ளர் மேல் காட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன், வரலாற்று ஆய்வாளன் இல்லை. இந்த ஒரு கதையோடு எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று இருப்பதால் எழுதுகிறேன்.

டைக்கோவுக்குச் சேர வேண்டியதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். 1576இலிருந்து இருபது ஆண்டுகள், அன்று டென்மார்க்கிடம் இருந்த ஹ்வேன் தீவில், தொலைநோக்கி என்ற பொருளே இல்லாத காலத்தில், ஆளுயரக் கருவிகளை வைத்து வெறுங்கண்ணால் வானத்தை அளந்தவர். அவருடைய நல்ல அளவுகளில் பிழை ஒன்றிரண்டு கலைதான். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கலை. முழுநிலவின் அகலமே ஏறக்குறைய 30 கலை. கெப்ளருக்குச் சின்ன வயதில் அம்மை வந்து பார்வை கெட்டுவிட்டது. அவரால் அப்படி அளந்திருக்கவே முடியாது. 1601இல் டைக்கோ இறந்ததும், வாரிசுகள் சுதாரிப்பதற்குள் அந்தக் குறிப்பேடுகளைக் கெப்ளர் தன் வசம் எடுத்துக்கொண்டதும் உண்மை. பிறகு ஒரு கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜாதகம் கணித்துச் சம்பாதித்தாரே என்று கேட்பீர்கள், அதுவும் உண்மைதான். எதையும் நான் மறைக்கவில்லை.

சரி, குறிப்பேடு கையில் இருந்தால் போதுமா? 1600இல் பிராகுக்குப் பக்கத்தில் டைக்கோவிடம் வேலைக்குச் சேர்ந்தபோது செவ்வாய் கோளின் பாதையைக் கண்டுபிடிக்கும் கணக்கு கெப்ளரிடம் வந்தது. எட்டு நாளில் முடிக்கிறேன் என்று பந்தயம் கட்டினார். அந்தக் கணக்கு முடிய 1605 ஆனது.

நடந்தது இதுதான். வட்டப்பாதை என்று வைத்துக்கொண்டு, நான்கு நாள்களின் அளவுகளிலிருந்து ஒரு மாதிரியை உருவாக்கினார். லாகரிதம்கூட வராத காலம், எல்லாம் கைக்கணக்கு. ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப எழுபது தடவையாவது போட்டதாக எழுதி, படிக்கும் உங்களுக்கு அலுத்தால் போட்ட என் மேல் இரக்கம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். கடைசியில் அந்த மாதிரி செவ்வாயின் திசையை இரண்டு கலைக்குள் சரியாகச் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே அச்சுக்குக் கொடுத்திருப்பார்கள். அவர் சூரியனிலிருந்து உள்ள தூரத்தையும் சரிபார்த்தார், அது உதைத்தது. தூரத்துக்கு ஏற்றபடி மாதிரியைத் திருத்தினால் திசையில் 8 கலை பிசகியது.

8 கலை என்பது முழுநிலவின் அகலத்தில் கால் பங்குதான். பழைய வானியலில் அது பிழையே கிடையாது, பழைய கிரேக்க வானியலாளர் தாலமி காலத்தில் 10 கலை வரை தள்ளுபடி. ஆனால் டைக்கோ 8 கலை தவறமாட்டார் என்று கெப்ளர் நம்பினார். அளவைத் தொடவில்லை. தன் ஆண்டுக்கணக்கான உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அடியிலிருந்து ஆரம்பித்தார். அந்த எட்டுக் கலைதான் வானியல் முழுவதையும் திருத்த வழிகாட்டியது என்று 1609இல் வந்த தன் நூலில் எழுதினார்.

பிறகு செய்த வேலை இன்னும் அழகு. செவ்வாய் சூரியனை ஒருமுறை சுற்ற 687 நாள். ஆகவே 687 நாள் இடைவெளியில் எடுத்த அளவுகளைப் பொறுக்கினால் செவ்வாய் ஒரே இடத்தில் நிற்கும், பூமி மட்டும் வேறு வேறு இடத்தில் இருக்கும். அதை வைத்து முதலில் பூமியின் பாதையையே வரைந்தார். நாம் நிற்கும் தரை எப்படி நகர்கிறது என்று தெரிந்த பிறகுதான் செவ்வாயைத் தொட்டார். நடுவே முட்டை வடிவம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நெடுநாள் அலைந்தார். பிறகுதான் நீள்வட்டம் வந்தது. செவ்வாயின் பாதையை ஒரு மீட்டர் அகலத்துக்கு வரைந்தால் குறுக்குப் பக்கம் நாலு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் குறையும். கண்ணுக்கு அது வட்டம்தான். அளவை மதித்தவருக்கு மட்டுமே அந்த நாலு மில்லிமீட்டர் கிடைத்தது.

இனி என் கணக்கு. பதினொன்றாம் வகுப்பில் தனி ஊசல் சோதனை. இருபது அலைவு போதும் என்றார்கள், நானும் என் நண்பனும் ஐம்பது எண்ணினோம். நீளம் 100 செ.மீ. இருக்கும்போது g, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.56 வந்தது. 70க்கு 9.47. 40க்கு 9.25. மறுபடி எடுத்தோம், அதேதான். அப்சர்வேஷன் நோட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். சார் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "9.8 வரலைன்னா மார்க் இல்லப்பா. பின்னாடியிருந்து டைமைப் போட்டுட்டு வா" என்றார். 9.8 வருகிற மாதிரி நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் போட்டேன். எல்லா வரிசையிலும் 9.79, 9.81 என்று வந்தது. பத்துக்குப் பத்து. அன்றைக்குச் சாயங்காலம் பேருந்தில் நண்பன் என்னிடம் பேசவே இல்லை. ஐம்பது ஐம்பதாக எண்ணியவன் அவன்.

அந்த ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. அறுபது பேருக்கு ஓடுகிற ஸ்டாப் கிளாக் மூன்றுதான் இருந்தது, அவர் என்ன செய்வார்?

பென்சிலில் எழுதிய பழைய எண்கள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படியே இருந்தன. பி.எட். படிக்கும்போது கெப்ளரின் எட்டுக் கலையைப் பற்றி முதல்முறையாகப் படித்தேன். படித்த ராத்திரியே அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். எண்களைப் பாருங்கள், பிழை கண்டபடி சிதறவில்லை. நீளம் குறையக் குறைய g ஒழுங்காகக் குறைகிறது. நீளத்தையும் அலைவுநேரத்தின் வர்க்கத்தையும் கிராஃப் தாளில் குறித்தேன். நல்ல நேர்க்கோடு, ஆனால் தொடக்கப்புள்ளி வழியாகப் போகாமல் 2.3 செ.மீ. தள்ளிப் போனது. கொக்கியில் நூல் முடிந்த இடம் வரைக்கும்தான் அளந்திருக்கிறோம். அங்கிருந்து குண்டின் நடுப்புள்ளி வரை உள்ள தூரத்தை விட்டுவிட்டோம். கோட்டின் சாய்விலிருந்து g கணக்கிட்டால் 9.78. தமிழ்நாட்டில் இருக்க வேண்டிய மதிப்பே அதுதான். பதினாறு வயதுப் பையன்கள் இரண்டு பேர் சரியான விடையைக் கையில் வைத்திருந்தோம், அழிக்கச் சொன்னார்கள், அழித்தோம். அந்தக் கிராஃப் தாளை நண்பனுக்குத் தபாலில் அனுப்பினேன்.

இதைக் கெப்ளரோடு ஒப்பிடுவது அதிகம் என்பீர்கள். அளவில் அதிகம்தான். ஆனால் அவர் எங்கே நின்றார் என்பது எனக்கு இதனால்தான் புரிந்தது.

     

இப்போது என் வகுப்பில் 9.25 என்று எழுதினாலும் முழு மதிப்பெண் உண்டு, ஏன் அப்படி வந்தது என்று கீழே இரண்டு வரி எழுதினால் போதும். போன வருஷம் ஒரு மாணவி, தான் ஒவ்வொரு முறையும் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கிக் கடிகாரத்தை அழுத்தியதால் ஓர் அலைவு குறைந்துவிட்டது என்று அவளாகவே கண்டுபிடித்து எழுதினாள். ஆனால் பொதுத்தேர்வு பிராக்டிகலுக்கு மதிப்பெண் போடும் எக்ஸ்டர்னல் வெளியிலிருந்து வருவார். அவர் எப்படிப்பட்டவர் என்று முன்கூட்டியே தெரியாது. "வந்ததை அப்படியே எழுதலாமா சார்?" என்று அன்று காலையில் பிள்ளைகள் கேட்பார்கள். மற்ற நாளெல்லாம் எழுது என்று சொல்கிற எனக்கு, அன்றைக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.