கொக்குவில் வீடு: குடும்பத்துக்கா, மாணவருக்கா, மேல்மாடியா?

கேள்வி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் 2 பரப்புக் காணியில் மூன்று அறை வீடு, சீதனமாக என் பெயரில் உள்ளது. கணவர் வெளிநாட்டில் வேலை. ஒரு குடும்பம் மாதம் 45,000 ரூபாவுக்குக் கேட்கிறது. பல்கலைக்கழக மாணவர் எட்டுப் பேரை வைத்தால் ஆளுக்கு 8,000 வீதம் 64,000 வரும். வங்கியில் 14 வீத வட்டிக்கு 50 இலட்சம் எடுத்து மேல்மாடி கட்டினால் அதற்கு 35,000 வாடகை வருமாம். எது நல்லது?

பதில்: மேல்மாடியை இப்போதைக்கு விடுங்கள். 50 இலட்சத்துக்கு 14 வீதம் என்றால் முதல் ஆண்டின் வட்டி மட்டும் ஏறக்குறைய 7 இலட்சம். மேல்மாடி ஒரு மாதமும் வெறுமையாகக் கிடக்காவிட்டாலும் வருவது 4,20,000. மிச்சத்தை உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், கடன்பட்ட 50 இலட்சமும் குறையாமல் அப்படியே நிற்கும். வீடு சுண்ணாம்புக்கல் சுவரில் தூணில்லாமல் எழுப்பிய பழைய வீடாக இருந்தால், அத்திவாரம் மேலும் ஒரு தட்டைத் தாங்குமா என்று பொறியியலாளர் பார்க்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது.

இனி 64,000, 45,000 கணக்கு. மாணவர்களால் ஆண்டில் 10 மாத வாடகைதான் வரும் என்று வையுங்கள்: 6,40,000. மின்கட்டணம் உங்கள் தலையில் என்றால் மாதம் 12,000 வீதம் 1,20,000. குழாய், மோட்டர், துப்புரவு, மலக்குழி இறைப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு 60,000. கையில் நிற்பது 4,60,000. கட்டில், மெத்தை, மேசைக்கு ஆளுக்கு 35,000 வீதம் 2,80,000 முதலிலேயே போய்விடும். குடும்பம் மின்கட்டணத்தைத் தானே கட்டும். ஆண்டில் ஒரு மாதம் வெறுமையாக இருந்தாலும் 4,95,000. எனவே குடும்பத்துக்கே கொடுங்கள்.

எட்டுப் பேர் ஒரே மீற்றரில் இருந்தால் மின்பட்டியல் ஏன் இப்படி ஏறுகிறது என்று பலருக்குப் புரிவதில்லை. வீட்டு மின்கட்டணம் படிப்படியானது. மாதம் 60 அலகைத் தாண்டியதுமே அலகின் விலையும் நிலையான கட்டணமும் கூடும். 180ஐத் தாண்டினால் மிக உயர்ந்த படி. அயன்பெட்டி, கேத்தல், அரிசிக் குக்கர் எட்டுப் பேருக்கும் ஓடினால் அந்தப் படியைத் தொட அதிக நாள் செல்லாது. எப்போதாவது மாணவரை வைத்தால் அறைக்கொரு உபமீற்றர் போட்டு, வாசிப்பை மாதாமாதம் கொப்பியில் எழுதுங்கள்.

காசைவிட எங்களுக்குக் கவலை கிணறு. 2 பரப்பு என்பது 20 பேர்ச், அதாவது 60 அடிக்கு 90 அடி போல ஒரு வளவு. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது 50 அடி வேண்டும். நம் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். வெடிப்புகளூடாகக் கழிவுநீர் வடிகட்டப்படாமலே கிணற்றை அடைந்துவிடும். நான்கு பேருக்குக் கட்டிய குழிக்கு எட்டுப் பேரின் பாரம் ஏறினால் உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வளவுக் கிணறும் கெடும். யாரைக் குடியமர்த்தினாலும் முதலில் தண்ணீரை நைத்திரேற்றுக்கும் கிருமிக்கும் பரிசோதியுங்கள். குழி அடித்தளம் இல்லாததாக இருந்தால், அடியில் கொங்கிறீற் போட்ட இரண்டு அறைத் தாங்கியாக மாற்றுங்கள். அந்தச் செலவை வாடகை வருமுன்பே செய்வது நல்லது.

அடுத்தது எழுத்து. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிஸ் (ஆவணங்களை அத்தாட்சிப்படுத்துபவர்) முன், இரண்டு சாட்சிகளுடன் உறுதிப் பத்திரமாக முடிக்கப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கடதாசியில் இருவர் கையெழுத்து வைத்துவிட்டு “இரண்டு வருசம்” என்று நம்பியிருப்பது வீண். தவணை முடிந்தும் எழும்ப மறுப்பவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழி தருகிறது. அதற்கும் ஒழுங்கான உறுதி கையில் வேண்டும். கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ வெட்டினால் வழக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

நீங்கள் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர் என்றால் சீதன வீடு உங்கள் பெயரில் இருந்தாலும், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டப்படி அசையாச் சொத்தைக் கையாளக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவர் வர முடியாவிட்டால் அங்குள்ள தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் இன்னொருவர் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பலாம். அதில் இந்த வீட்டைக் குத்தகைக்குக் கொடுக்கச் சம்மதிக்கும் அதிகாரம் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கட்டும்.

குடும்பத்திடம் ஆறு மாத முற்பணம் வாங்கினால், அந்த 2,70,000 திருப்பிக் கொடுக்கும் வைப்பா, கடைசி மாதங்களில் கழிபடுவதா என்று உறுதியிலேயே எழுதுங்கள். பிணக்குகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. வைப்பு என்றால் அந்தக் காசைத் தொடாமல் வங்கியில் போடுங்கள். யாராவது வாடகைக்குப் பதில் ஒரு பெருந்தொகை தந்து ஒற்றிக்குக் கேட்டாலும் இதே எச்சரிக்கை: வட்டிக்குப் பதில் அவர் வீட்டில் இருப்பார், முழுத் தொகையையும் நீங்கள் ஒரேயடியாகத் திருப்ப வேண்டும்.

வருமான வரியில் வாடகையின் 25 வீதம் திருத்தச் செலவாகக் கழிக்கப்படும். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் விலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம். உங்களுக்குச் சம்பளம் இருந்தால் அதையும் வாடகையையும் கூட்டிப் பாருங்கள். உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் ஆதனவரியை ஆண்டு முழுவதற்குமாக ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு கிடைக்கும்.

திறப்பைக் கொடுக்கும் நாளில் மின்மீற்றர் வாசிப்பு, சுவர், கதவு, மோட்டர் ஆகியவற்றைப் படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியலுடன் உறுதிப் பிரதியோடு சேர்த்து வையுங்கள்.