190இல் ஒன்று என்று ரிப்போட் வந்தால்

கேள்வி: எனக்கு 33 வயது, இது முதல் பிள்ளை. களுவாஞ்சிக்குடியில் அம்மாவோடு இருக்கிறேன். கணவர் கட்டாரில். 12 கிழமையும் 4 நாளும் ஆனபோது தனியாரில் ஸ்கானும் இரத்தமும் பார்த்தோம். டவுண் சின்ட்ரோம் 1:190, ‘ஹை ரிஸ்க்’ என்று சிவப்பெழுத்தில் வந்திருக்கிறது. வயிற்றில் ஊசி குத்திப் பார்க்கலாம் என்கிறார்கள். பிள்ளை கலைந்துவிடுமோ என்று பயம். ஐந்து நாளாக நித்திரை இல்லை. ஒருவரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறார் அம்மா. என்ன செய்வது?

பதில்: உங்களுடையதைப் போல முடிவு வந்த 190 தாய்மாரை எடுத்தால், அவர்களில் ஒருவரின் பிள்ளைக்குத்தான் டவுண் சின்ட்ரோம் (ஒரு நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை) இருக்கும். 189 பேருக்கு இருக்காது. அதாவது அரை வீதம். சிவப்பெழுத்து சொல்வது, ஆய்வுகூடம் வைத்த எல்லையை உங்கள் எண் தாண்டிவிட்டது என்பதை மட்டுமே. அந்த எல்லையும் இடத்துக்கிடம் மாறும். 250இல் ஒன்று என்று வைக்கும் ஆய்வுகூடங்கள் பல. இங்கிலாந்தின் அரச சேவையில் எல்லை 150இல் ஒன்று, அங்கே உங்களுக்கு ‘அபாயம் குறைவு’ என்றே எழுதியிருப்பார்கள். இதை இரத்தம் எடுக்கும்போதே சொல்லியிருந்தால் உங்கள் ஐந்து இரவுகள் வீணாகியிருக்காது. பலருக்குச் சொல்லப்படுவதில்லை என்பது வருத்தமான உண்மை.

அடுத்து, கணக்குக்குக் கொடுத்த தரவு சரியா என்று பாருங்கள். பிழை அதிகம் வருவது கிழமைக் கணக்கில். பிள்ளையின் தலையிலிருந்து பிட்டம் வரையான நீளம் 45 முதல் 84 மில்லிமீற்றருக்குள் இருக்கும்போதுதான் இந்தச் சோதனை செல்லும். கழுத்துப் பின்பக்க நீர்ப்படலத்தோடு இரத்தத்தில் இரண்டு பொருட்களை அளக்கிறார்கள். பப்-ஏ என்பது கிழமைக்குக் கிழமை கூடும், பீற்றா எச்சிஜி குறையும். உண்மையில் 11 கிழமையான தாய்க்கு 12 என்று பதிந்தால் முதலாவது குறைவாகவும் இரண்டாவது கூடுதலாகவும் தெரியும். டவுண் சின்ட்ரோமில் வரும் மாற்றமும் அதே திசையில்தான், ஆகவே இல்லாத அபாயம் எண்ணில் ஏறிவிடும். வயது, நிறை, நீரிழிவு, புகைத்தல், இரட்டைப் பிள்ளையா, செயற்கைக் கருத்தரிப்பா என்பவையும் கணக்கில் சேரும். ரிப்போட்டையும் கர்ப்பிணி அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் திருத்திக் கணக்கிட்டுத் தரும்படி ஆய்வுகூடத்தைக் கேட்கலாம், மறுபடி இரத்தம் கொடுக்கத் தேவையில்லை.

பனிக்குட நீர் எடுக்கும் ஊசிச் சோதனையை 15 கிழமைக்குப் பிறகுதான் செய்வார்கள். ஆகவே யோசிக்க உங்களுக்கு நாள் இருக்கிறது. ஸ்கானில் பார்த்தபடி மெல்லிய ஊசியால் 15 முதல் 20 மில்லிலீற்றர் பனிக்குட நீர் எடுப்பார்கள், சில நிமிட வேலை. இதனால் பிள்ளை கலையும் வாய்ப்பு, பழகிய கையால் செய்தால் 200இல் ஒன்றுக்கும் குறைவு. உங்கள் இரத்த வகை நெகற்றிவ் என்றால், பிள்ளையின் இரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் திரும்பாமல் தடுக்கும் அன்ரி-டி ஊசியை 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், கேட்டு உறுதி செய்யுங்கள். பிறகு நீர் கசிவு, காய்ச்சல், விடாத வயிற்றுக்குத்து, இரத்தப்போக்கு என்றால் விடியட்டும் என்று இருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஊசிக்கு மனம் ஒப்பவில்லையென்றால் தாயின் கை இரத்தத்தில் பிள்ளையின் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் என்.ஐ.பி.ரி. சோதனை உண்டு. 10 கிழமையிலிருந்து எடுக்கலாம். டவுண் சின்ட்ரோமை நூற்றுக்கு 99 அளவில் பிடிக்கும். தனியாரில்தான், செலவு அதிகம். துணுக்குகளின் அளவு போதாமல் முடிவே வராமல் போவதும் உண்டு, அதற்குப் பிள்ளையில் குறை என்று அர்த்தம் எடுக்க வேண்டாம். இல்லை என்று வந்தால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். உண்டு என்று வந்தால் அதையே முடிவாக எடுக்கக் கூடாது, உறுதிப்படுத்த ஊசிச் சோதனைதான் வேண்டும்.

எதையும் செய்யாமல் 18 முதல் 22 கிழமைக்குள் வரும் விரிவான ஸ்கானுக்குக் காத்திருப்பதும் ஒரு தெரிவுதான். அந்த ஸ்கான் டவுண் சின்ட்ரோமை முழுதாக விலக்காது என்பதை மட்டும் அறிந்திருங்கள். எதைத் தெரிவதானாலும் ‘விடை தெரிந்தால் நான் என்ன செய்வேன்?’ என்று முதலில் யோசியுங்கள். நம் இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஆகவே இங்கே விடையின் பயன் ஆயத்தம்தான்: டவுண் சின்ட்ரோம் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருதயக் குறை இருப்பதால் முன்கூட்டியே இருதய ஸ்கான் பார்க்கலாம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய இடத்தில் பிரசவத்தை ஒழுங்கு செய்யலாம். அந்த ஆயத்தம் வேண்டாம், சோதனை முடிவுக்குக் காத்திருப்பதே வதைக்கும் என்று நினைப்பவர் சோதனையை மறுக்கலாம். கிளினிக்கில் அதற்காக ஒருவரும் ஏச முடியாது.

இனி நித்திரை. இப்படி முடிவு வந்த தாய்மாரில் பலர் பிள்ளையோடு மனதளவில் ஒட்டாமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள். வயிற்றைத் தடவ மாட்டார்கள், பிள்ளைக்கு ஒரு துணிகூட வாங்க மாட்டார்கள். இழப்பு வந்தால் தாங்க மனம் எடுக்கும் தற்காப்பு இது, தாய்ப்பாசம் இல்லாததால் வருவதில்லை. எல்லாம் சரி என்று முடிவு வந்த பிறகும் சிலருக்குப் பயம் கிழமைக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் வெட்கப்பட வேண்டாம். கிரகணத்தன்று வெளியே போனதாலோ, பப்பாசி தின்றதாலோ, கண்ணூறாலோ மேலதிக நிறமூர்த்தம் வராது. அநேகமாக அது கரு உருவாகும்போதே தற்செயலாக நடந்து முடிகிறது.

அம்மா சொல்வது ஊர்வாய்க்குப் பயந்து, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கணவருக்குச் சொல்லத்தான் வேண்டும். குரல் பதிவாக அனுப்பாமல், அவர் வேலை முடிந்து ஆறுதலாக இருக்கும் நேரத்தில் ரிப்போட்டைக் காட்டிப் பேசுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடமும் சொல்லுங்கள், எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) டொக்டர் வழியாக மகப்பேற்று நிபுணரிடம் அனுப்புவார். அடுத்த முடிவைப் பகலில், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது வாங்குங்கள். பாமசியில் நித்திரைக் குளிசை கேட்டு வாங்க வேண்டாம். இரண்டு கிழமை கடந்தும் நித்திரை, சாப்பாடு இல்லை, பெரும்பாலான நாட்கள் அழுகை என்றால் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் அன்றே போங்கள், அல்லது மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.