வங்கி சொல்லும் விலையா, ஏஜெண்ட் சொல்லும் விலையா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டு வெளியேறியபோது வாங்கிய ஒற்றை மாடி வரிசை வீட்டை விற்கிறோம். ஏஜெண்ட் 250,000 ரிங்கிட் என்கிறார். வாங்க வருபவரின் வங்கி 220,000தான் என்கிறது. 40,000 செலவழித்துச் சமையலறையைப் பின்னால் நீட்டியிருக்கிறோம். ஒப்பந்தத்தில் 275,000 என்று போட்டு வேறு வங்கியில் கேட்டால் கடன் கூடக் கிடைக்கும் என்கிறார் வாங்க வருபவர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடவே போடாதீர்கள். அது வங்கியை ஏமாற்றுவது. வாங்காத முன்பணத்தை வாங்கியதாக நீங்களும் எழுதிக் கொடுக்க வேண்டிவரும். அவர் தவணை கட்டாமல் விட்டால் விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்கும் வரும்.

இனி விலை. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் உங்கள் தாமானிலோ (குடியிருப்புப் பகுதி) பக்கத்துத் தாமானிலோ அண்மையில் கைமாறிய அதே வகை வீடுகளை எடுத்துக்கொள்வார். நிலப்பரப்பு, மூலை வீடா நடு வீடா, பிரீஹோல்ட்டா (நிரந்தர உரிமை) லீஸ்ஹோல்ட்டா (குத்தகை உரிமை), கட்டடம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கூட்டிக் கழிப்பார். கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு. எதிர்வீட்டுப் பலகையில் எழுதியிருப்பது இந்தக் கணக்கில் சேராது. ஜேபிபிஎச் எனும் அரசின் சொத்து மதிப்பீட்டுத் துறையின் கீழுள்ள நாப்பிக் (தேசிய சொத்துத் தகவல் மையம்) இணையத்தளத்தில் பதிவான விற்பனைகளை நீங்களே பார்க்கலாம்.

சமையலறைதான் முக்கியம். நகராண்மைக் கழகம் அங்கீகரித்த பிளான் இருந்தால் மதிப்பு ஏறும், ஆனால் செலவழித்த 40,000 முழுதும் ஏறாது. பிளான் இல்லாத கட்டடத்தை வங்கியின் மதிப்பீட்டாளர் பெரும்பாலும் கணக்கில் எடுக்கமாட்டார். உங்கள் 30,000 வித்தியாசத்தில் ஒரு பங்கு இதுவாக இருக்கக்கூடும். பிளானைத் தேடி எடுத்து அவரிடம் கொடுத்து, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்த விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் வங்கி கடன் தரும். 220,000க்கு 90 விழுக்காடு என்றால் 198,000. நீங்கள் 250,000க்கு விற்றால் மீதி 52,000 அவர் கைப்பணமாக இருக்க வேண்டும். இருந்தால் தாராளமாக அந்த விலைக்கே விற்கலாம், சட்டம் தடுக்காது. இல்லையென்றால் விலையைக் குறையுங்கள், அல்லது வேறு ஆளைப் பாருங்கள்.

சிலர் விலையைக் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாக வாங்கச் சொல்வார்கள். அதற்கும் இணங்க வேண்டாம். குறைத்து எழுதினாலும் வரி குறையாது: விலை, சந்தை மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதற்கே முத்திரை வரி.

முன்பணம் வாங்குமுன் கிராண்டை (நில உரிமைப் பத்திரம்) பாருங்கள். விற்க மாநில அரசின் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும், ஒப்பந்தத்தில் அதற்கு அவகாசம் எழுத வேண்டும். நீங்கள் மலேசியக் குடிமக்களாக இருந்து, வீடு வாங்கி ஐந்தாண்டு தாண்டியிருந்தால் சொத்து ஆதாய வரி கிடையாது. ஆனாலும் விற்ற 60 நாளுக்குள் வருமான வரி வாரியத்தில் படிவம் தாக்கல் செய்யுங்கள்.