ஃபர்னஸ் மோட்டாருக்காக 1,300 டாலர் கூடக் கொடுக்கலாமா?

கேள்வி: கனடா, ஒன்டாரியோவின் ஸ்கார்பரோவில் சொந்த வீடு. வீட்டைச் சூடாக்கும் 20 வருடப் பழைய கேஸ் ஃபர்னஸை மாற்ற வேண்டும். இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. ஃபேன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் 'வேரியபிள் ஸ்பீட்' மோட்டார் உள்ள ஃபர்னஸ், சுழற்று விசையை மாறாமல் வைக்கும் 'கான்ஸ்டன்ட் டார்க்' மோட்டார் உள்ளதைவிட 1,300 டாலர் கூட. ஹைட்ரோ பில் (கரண்ட் பில்) குறைந்து மூன்றே வருடத்தில் அந்தக் காசு திரும்பிவிடும் என்கிறார் விற்பனையாளர். காசை லைன் ஆஃப் கிரெடிட்டில்தான், அதாவது வங்கிக் கடனில்தான், எடுக்க வேண்டும். ஃபேனை எப்போதும் 'ஆட்டோ'வில்தான் (சூடோ ஏசியோ ஓடும்போது மட்டும் சுற்றும்) விடுகிறோம். எது நல்லது?

பதில்: உங்கள் வீட்டுக்கு விலை குறைந்ததே போதும்.

விற்பனையாளர் எதோடு ஒப்பிட்டு 'மூன்று வருடம்' என்றார் என்று கேளுங்கள். அநேகமாக உங்கள் பழைய மோட்டாரோடு. பிஎஸ்சி என்ற அந்தக் காலத்து வகை மோட்டார் ஓடும்போது 400, 500 வாட் இழுக்கும். அதை மாற்றினால் பில் குறைவது உண்மைதான். ஆனால் உங்களுக்கு வந்திருக்கும் இரண்டுமே ஈசிஎம் என்ற, கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை. பெரிய மிச்சம் இரண்டிலும் கிடைத்துவிடும். 1,300 டாலர் வாங்கித் தருவது இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை மட்டுமே.

அதைக் கணக்குப் போடுவோம். வித்தியாசம் 100 வாட், தாராளமாகவே வைத்துக்கொள்வோம். குளிர்காலச் சூடு, கோடைகால ஏசி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 2,500 மணி நேரம் ஃபேன் ஓடினால் 250 யூனிட். யூனிட் 15 சென்ட் என்றால் 37 டாலர் 50 சென்ட். போட்ட காசு திரும்ப 34 வருடத்துக்கு மேல் ஆகும். ஃபர்னஸ் பொதுவாக 15 முதல் 20 வருடம்தான் உழைக்கும். இதில் கடன் வட்டியை நான் சேர்க்கவே இல்லை.

ஃபேனை 24 மணி நேரமும் 'ஆன்'இல் விடுகிற வீடு என்றால் கதை வேறு. வருடத்துக்கு 8,760 மணி நேரம், 876 யூனிட், ஏறக்குறைய 130 டாலர். பத்து வருடத்தில் காசு திரும்பும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, ஃபில்டர் வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் நானே வேரியபிள் ஸ்பீட் எடுக்கச் சொல்லியிருப்பேன். சத்தமும் குறைவு, மாடிக்கும் பேஸ்மென்டுக்கும் சூடு சமமாகப் பரவும். அந்தச் சுகத்துக்காகக் காசு கொடுப்பதும் தவறில்லை. ஆனால் அது செலவு, முதலீடு அல்ல. கடன் வாங்கிச் செய்ய வேண்டிய செலவும் அல்ல.

இன்னொன்று: வாரன்டி முடிந்தபின் வேரியபிள் ஸ்பீட் மோட்டார் பழுதானால் மாற்றும் செலவு சில வேளை ஆயிரம் டாலரைத் தாண்டும். பாகத்துக்கும் வேலைக்கூலிக்கும் எத்தனை வருட வாரன்டி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். டக்ட் (காற்று போகும் குழாய்) சிறியதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். டக்ட் நெருக்கமாகவோ ஃபில்டர் அடைத்தோ இருந்தால் அந்த மோட்டார் காற்றின் அளவை விடாமல் பிடிக்க இன்னும் வேகமாகச் சுற்றும், கரண்டும் கூடும்.

அப்புறம், "1,300 கஷ்டமா? மாத வாடகைக்குத் தருகிறோம்" என்று பேச்சு மாறினால் சம்மதிக்காதீர்கள். மாத வாடகையை ஒப்பந்த மாதங்களால் பெருக்கிப் பாருங்கள், ஏன் என்று புரியும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாலும், ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்ய ஒன்டாரியோ சட்டம் இடம் தருகிறது. ரத்துக் கடிதத்தை எழுத்தில் அனுப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.