பழைய காரின் துருப்பிடித்த புகைக்குழாயைக் குறைந்த செலவில் சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் ஓட்டை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதை நீங்கள் கேள்வியில் குறிப்பிடவில்லை. செலவைத் தீர்மானிப்பது அதுதான். பழைய கார், அடியில் துரு, காது கூசும் சத்தம், பட்டறையில் சொன்ன தொகையைக் கேட்டு மலைப்பு, இவற்றுக்கு நடுவில் கடையில் விற்கும் பசையைப் பூசிச் சமாளித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலையில் நானும் இருந்திருக்கிறேன். நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். ஒரே காரின் ஒரே புகைக்குழாயை மூன்று முறை அரைகுறையாகவும் நான்காவது முறை ஓரளவு ஒழுங்காகவும் பழுதுபார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ‘தெரியாதவர்கள் ஏன் பதில் எழுதுகிறார்கள்’ என்று கேட்க வருபவர்கள் இந்த வரியோடு திரும்பிவிடலாம்.

என் காருக்கு அப்போது 17 வயது. காலையில் கிளப்பும்போது பின்பக்கத்திலிருந்து ‘புஸ் புஸ்’ என்று மெல்லிய ஓசை கேட்கத் தொடங்கியது. இரண்டு வாரங்களில் அது டிராக்டரின் சத்தமாக வளர்ந்தது. நான் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் இருப்பவர்கள் எழுந்து வந்து கதவைத் திறந்துவைத்தார்கள். பட்டறையில் காரைத் தூக்கிப் பார்த்தவர், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாலிருந்து வால்நுனி வரை முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை, அந்தக் காரை விற்றால் கிடைக்கக்கூடிய தொகையில் பாதிக்கு மேல் இருந்தது. அவர் என்னை ஏமாற்றப் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. பல கார்களில் இந்த நீளம் முழுவதையும் தொழிற்சாலையிலேயே ஒரே துண்டாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். தயாரிப்பாளரிடம் உதிரிப் பாகம் கேட்டால் அந்த முழுத் துண்டுதான் கிடைக்கும். உள்ளங்கை அகலத் துருவுக்காக ஆள் உயரத்தைவிட நீளமான குழாயை வாங்கச் சொல்வது, பொத்தான் அறுந்ததற்காகப் புதுச் சட்டை தைக்கச் சொல்வதைப் போன்றது. ஆனால் வெளிச்சந்தையில் அதே குழாய் துண்டு துண்டாகக் கிடைக்கிறது என்பதையும், அசல் குழாயை எந்த இடத்தில் வெட்டினால் அந்தத் துண்டு பொருந்தும் என்பதையும் அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஆதங்கம் இன்றும் தீரவில்லை.

எனவே வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். முதல் முயற்சி, நீங்கள் கேட்கும் அதே பசை. துருவின் மேலேயே தாராளமாக அப்பி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கல்லைப் போல் இறுகியதைத் தட்டிப் பார்த்து மகிழ்ந்தேன். 11 நாள் தாங்கியது. பிறகு ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பசை முழுவதும் ஓடு கழன்றதைப் போல ஒரே துண்டாக விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அதன் உட்புறம் முழுக்கச் செம்பழுப்பு நிறத்தில் துருச் செதில்கள் ஒட்டியிருந்தன. பசை விட்டுவிடவில்லை, அது பற்றிக்கொண்டிருந்த துரு இரும்பைவிட்டு வந்துவிட்டது. இந்தப் பசைகள் இறுகியபின் வளைந்துகொடுக்காது. எஞ்சினின் அதிர்வைத் தாங்க, அடியில் உறுதியான உலோகம் இருந்தாக வேண்டும். ஊசித் துளைக்கும், இரண்டு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகிய இணைப்பில் இருக்கும் சந்துக்கும் அவை நன்றாகவே உழைக்கின்றன. விரல் நுழையும் ஓட்டையைப் பசையால் மட்டும் மூட நினைப்பது வீண்.

இரண்டாவது முறை, பானம் அடைத்து வரும் அலுமினியத் தகரக் குவளை ஒன்றை வெட்டி விரித்து, அடியில் பசை தடவிக் குழாயைச் சுற்றி, இரண்டு பக்கமும் ஹோஸ் கிளாம்ப் (திருகி இறுக்கும் உலோகப் பட்டை) போட்டு இறுக்கினேன். சிரிக்க வேண்டாம், நேரான குழாயில், பின்பகுதியில், இது மாதக்கணக்கில் தாங்கியது. அலுமினியம் உருகுவதற்கு 660 டிகிரி செல்சியஸ் வேண்டும், காரின் பின்பகுதிக் குழாய் அந்தச் சூட்டுக்கு அருகில்கூடப் போவதில்லை. ஆனால் எஞ்சினை ஒட்டிப் புகையைத் திரட்டும் மேனிஃபோல்டு, எஞ்சின் கடுமையாக உழைக்கும்போது அந்த அளவையும் தாண்டிவிடும் என்பதால் முன்பகுதிக்கு இந்த வித்தையைக் கொண்டுபோகாதீர்கள். மூன்றாவது முறை ஓட்டை விழுந்த இடம் சைலன்சரின் விளிம்பு மடிப்பு. அங்கே கிளாம்ப் பிடிக்காது என்பதால், கண்ணாடியிழைக் கட்டுத்துணியை ஈரப்படுத்திச் சுற்றினேன். அது ஒரு மாதத்தில் ஓரங்களில் கருகிப் பிரிந்தது.

அதன் பிறகுதான், அடுத்த தெருவில் வசித்த, பணி ஓய்வு பெற்ற வெல்டர் ஒருவரை அழைத்துவந்தேன். ‘மேலே ஒரு தகரத்தை வைத்துப் பற்றவைத்துக் கொடுங்கள் ஐயா’ என்றேன். அவர் காருக்கு அடியில் படுத்து, திருப்புளியின் மரப்பிடியால் குழாயை முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு விரற்கடைக்கும் தட்டிக்கொண்டே வந்தார். முன்பக்கத்தில் ‘கணீர்’ என்றது. பின் அச்சைத் தாண்டியதும் ஓசை மங்கி, ‘சொத்’ என்றது. சைலன்சருக்கு ஒரு சாண் முன்னால் அவர் தட்டிய தட்டில் மரப்பிடியே உள்ளே போய்விட்டது. ‘தம்பி, இது துருப்பிடிச்ச இரும்பு இல்ல, இரும்பு பிடிச்ச துரு. இதுல நெருப்பு வெச்சா ஓட்டை பெருசாகும், அவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டு, சாக்பீஸால் குழாயைச் சுற்றி ஒரு கோடு போட்டார். ஓசை மாறுகிற இடத்திலிருந்து நான்கு விரல் முன்னால், நல்ல உலோகத்தில் அந்தக் கோடு இருந்தது. நான் மூன்று முறையும் ஓட்டையைத்தான் பார்த்தேன். அவர் ஓட்டையைப் பார்க்கவேயில்லை, நல்ல இரும்பு எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் தேடினார். உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வந்த பதில் அந்தச் சாக்பீஸ் கோடுதான்.

கோட்டில் ரம்பத்தால் அறுத்துச் சைலன்சரைக் கீழே இறக்கியபோது, அதைச் சாய்த்ததும் அரை குவளை அளவுக்குக் காப்பி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. மழைநீர் புகுந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, அது எஞ்சினிலிருந்தே வந்த நீர். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து நீராவியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகும். நீண்ட தூரம் ஓட்டினால் குழாய் முழுவதும் சூடேறி அந்த ஆவி வெளியேறிவிடுகிறது. கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வருகிற காரில், எஞ்சினுக்கு வெகு தொலைவில் இருக்கும் பின் சைலன்சர் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். நீர் உள்ளேயே தங்கும். புகையிலிருக்கும் வாயுக்கள் அதில் கரைந்து அதை அமிலமாக்குகின்றன. வெளியிலிருந்து தெரியும் துரு பாதிக் கதைதான், உள்ளிருந்து அரித்துவருவது மீதிக் கதை. மேல்பூச்சாகப் போடும் எந்தப் பசையும் அதைத் தடுக்காது. பல சைலன்சர்களின் அடிப்பக்கத்தில் இந்த நீர் வடிவதற்கென்றே குண்டூசித் தலையளவு துளை ஒன்றை வைத்திருப்பார்கள். அதை ஓட்டை என்று நினைத்து முதல் முறையே பசை வைத்து அடைத்த புத்திசாலி நான்தான்.

பிறகு நடந்த வேலை எளிமையானது. அதே விட்டமுள்ள பொதுவகைச் சைலன்சர் ஒன்றை வெளிச்சந்தையில் வாங்கினேன். மூன்று முயற்சிகளுக்கும் வாங்கிய பசை, கிளாம்ப், கட்டுத்துணி ஆகியவற்றின் மொத்தச் செலவைவிட அது சற்றுதான் கூடுதலாக இருந்தது என்பதை இப்போதும் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். அறுத்த முனையை அரத்தால் ராவி, பிசிறு நீக்கி, கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் கொண்டு உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்தோம். பழைய குழாயின் மேல் சரியாக ஏறக்கூடிய உள்விட்டமுள்ள சிறு குழாய்த் துண்டு ஒன்றை உறையாக எடுத்துக்கொண்டு, இரண்டு முனைகளும் அதற்குள் நான்கைந்து சென்டிமீட்டர் நுழையும்படி செருகி, சந்தில் மட்டும் பசை தடவி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டோம். யு வடிவக் கிளாம்ப் விலை குறைவு, ஆனால் இறுக்கும்போது குழாயை நசுக்கிவிடும். பின்னாளில் கழற்ற நினைத்தால் அறுக்கத்தான் வேண்டும். பட்டையான கிளாம்ப் சுற்றிலும் ஒரே சீராக அழுத்துகிறது. வெல்டிங்கே தேவைப்படவில்லை. தேவைப்பட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள், பெட்ரோல் டேங்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், துத்தநாகம் பூசிய தகரத்தை ஒட்டுப்போடக் கொடுக்காதீர்கள். அதன் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்தது பிளேஞ்சு இணைப்பில், அதாவது இரண்டு குழாய்களின் விளிம்புத் தகடுகளைச் சேர்த்து முடுக்கும் இடத்தில், இருந்த இரண்டு நட்டுகள். நீங்கள் நாளைக்கு வேலை செய்வதாக இருந்தால் இன்றிரவே அவற்றில் துரு இளக்கும் எண்ணெயை விட்டுவையுங்கள். எனக்கு ஒன்று கழன்றது, மற்றொன்று போல்ட்டோடு முறிந்தது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். தாங்கிகளை நிறுத்தி, காரை உலுக்கிப் பார்த்த பிறகே உள்ளே போங்கள்.

இனி, சத்தத்தைவிட முக்கியமான ஒன்று. குழாய் ஓட்டையாக இருந்த மாதங்களில், பின் இருக்கையில் உட்காரும் என் மகள் தலைவலி என்று சொல்வாள். பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துச் சன்னல் ஓரம் மாற்றி உட்காரவைத்தேன். சைலன்சரை மாற்றிய பிறகு அவள் அப்படிச் சொன்னதில்லை. புகைதான் காரணம் என்று நான் நிரூபிக்கவில்லை; மருத்துவம் தெரிந்தவர்கள் என்னைத் திருத்தலாம். ஆனால் பின் இருக்கைக்குக் கீழே தரைத் தகட்டில் ரப்பர் மூடி ஒன்று கழன்று, ஒரு துளை திறந்து கிடந்ததைப் பிற்பாடுதான் கண்டேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்கிறது. ஆகவே ஓட்டை எஞ்சின் பக்கமாகவோ, பயணிகள் அமரும் தரைக்கு அடியிலோ இருந்தால் சிக்கனம் பார்க்காதீர்கள். சரிசெய்யும் வரை அந்தக் காரில் யாரையும் ஏற்றாதீர்கள். சன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள், ஓடும் காரில் பின்பக்கப் புகை சன்னல் வழியாகவே உள்ளே இழுபடலாம்.

முன்பகுதி ஓட்டைக்கு வேறொரு தொல்லையும் உண்டு. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால், புகை வெளியேறும் துடிப்புகளுக்கு இடையில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். எரிபொருள் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்ல, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி கூடுதலாகப் பெட்ரோலை விடும். ஒட்டுப்போட்டு மிச்சப்படுத்தியதைப் பெட்ரோல் பங்கிலேயே கொடுத்துவிடுவீர்கள். எஞ்சின் அசைவை வாங்கிக்கொள்ளும் பின்னல் குழாய் கிழிந்திருந்தாலும் பசையோ கட்டோ நிற்காது. வளைவதற்காகவே செய்யப்பட்ட பொருளை இறுக வைத்தால் அடுத்த இணைப்பு முறியும். அதை மட்டும் வெட்டி மாற்றித் தருவார்கள்.

‘இவ்வளவு பழைய காருக்கு ஏன் இந்தப் பாடு, விற்றுவிடுங்கள்’ என்று இதன் கீழே யாராவது எழுதுவார்கள். எஞ்சினும் தரைத் தகடும் நன்றாக இருக்கும் காரை ஒரு சைலன்சருக்காக விற்க வேண்டியதில்லை. காரைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸையே துரு தின்றிருந்தால் அவர்கள் சொல்வது சரி, அப்போது புகைக்குழாயைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

எனவே முதலில், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும் காலையில், தடித்த துணியை வைத்து வால்நுனியை ஓரிரு நொடி மட்டும் ஒருவர் மூடட்டும். எஞ்சினை அப்போதுதான் கிளப்பியிருக்க வேண்டும், இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் குனிந்து ‘உஸ்’ என்ற ஓசை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் இடம் தெரிந்துவிடும். பிறகு எஞ்சினை நிறுத்தி, காரைத் தாங்கிகளில் நிறுத்தி, மரப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். பின் அச்சுக்குப் பின்னால்தான் ஓசை மங்குகிறது என்றால் என் வழி உங்களுக்குப் பொருந்தும். பொருத்திய முதல் நாள் பசையும் எண்ணெயும் காய்ந்து கொஞ்சம் புகையும், நாறும், பயப்பட வேண்டாம். ஒரு வாரம் ஓட்டியபின் குழாய் நன்றாக ஆறியிருக்கும் நேரத்தில் கிளாம்புகளை இன்னொரு முறை இறுக்குங்கள். என்னுடையதில் முன் கிளாம்ப் முக்கால் சுற்று இறங்கியது.