இரண்டும் 55 அங்குலம்தான். ஒன்றின் விலை மட்டும் ஏன் இரண்டு மடங்கு?

டிவி வாங்குவதற்கு முன் வாசகர்கள் கேட்ட கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: இரண்டு டிவிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 55 அங்குலம், இரண்டும் 4கே. இரண்டின் பெட்டியிலும் எச்டிஆர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. கூடுதல் பணம் எதற்குப் போகிறது?

பதில்: பெரும்பகுதி வெளிச்சத்துக்குப் போகிறது. எல்சிடி திரை தானாக ஒளிராது. பின்னால் எல்இடி விளக்குகள் எரியும்; முன்னால் இருக்கும் பேனல் அந்த ஒளியை வேண்டிய இடத்தில் விட்டு, வேண்டாத இடத்தில் மறைக்கும். எவ்வளவு மறைத்தாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். விலை குறைந்த டிவியில் எல்லா விளக்குகளும் ஒரே அளவில் எரிவதால், இரவுக் காட்சியில் வானம் கறுப்பாகத் தெரியாது, சாம்பல் பூத்துத் தெரியும்.

விலை கூடிய டிவியில் இந்த விளக்குகளைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். படத்தில் இருட்டாக இருக்கும் பகுதிக்குப் பின்னால் உள்ள விளக்கு மங்கும், வெளிச்சமான பகுதியில் மட்டும் பிரகாசமாக எரியும். இதற்கு லோக்கல் டிம்மிங் என்று பெயர். மிகச் சிறிய எல்இடி விளக்குகளை நெருக்கமாக அடுக்கிய மினி எல்இடி டிவிகளில் பகுதிகள் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். பகுதிகள் குறைவாக இருந்தால் கறுப்புப் பின்னணியில் வரும் வெள்ளை சப்டைட்டிலைச் சுற்றிப் புகை படிந்தது போல ஒளிவட்டம் தெரியும். ஓஎல்இடியில் இந்தத் தொல்லையே இல்லை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைகிறது.

அடுத்தது எச்டிஆர், அதாவது இருட்டுக்கும் உச்ச வெளிச்சத்துக்கும் இடையிலான வீச்சைப் பெரிதாக்கிக் காட்டும் பட முறை. பெட்டியில் அந்த எழுத்து இருந்தால், டிவிக்கு எச்டிஆர் சிக்னலைப் படிக்கத் தெரியும் என்று மட்டும்தான் பொருள். அதைக் காட்டும் திறன் வேறு. திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1000 நிட்ஸ் உச்ச வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துத் தயாராகின்றன. விலை குறைந்த டிவிகள் பொதுவாக 250 முதல் 350 நிட்ஸோடு நின்றுவிடும். ஆகவே முழு வெளிச்ச வீச்சையும் அமுக்கிச் சிறிய அளவுக்குள் அடைக்க வேண்டியிருக்கிறது. 'எச்டிஆர் போட்டால் படம் இன்னும் இருட்டாகிவிடுகிறது' என்று பலர் குறைப்படுவதற்குக் காரணம் இதுதான். உச்ச வெளிச்சம் 600 நிட்ஸாவது இருந்து, லோக்கல் டிம்மிங்கும் இருந்தால் எச்டிஆருக்காகப் பணம் கொடுங்கள். இல்லையென்றால் அந்த எழுத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

பேனலின் நிற ஆழத்தையும் பாருங்கள். 8 பிட் பேனல் ஒவ்வொரு நிறத்திலும் 256 படிகளைக் காட்டும். 10 பிட் பேனல் 1024 படிகளைக் காட்டும். சூரியன் மறையும் வானம் பட்டை பட்டையாக உடைந்து தெரிந்தால் படிகள் போதவில்லை என்று அறியலாம்.

கேள்வி: கியூஎல்இடி என்பதும் ஓஎல்இடி என்பதும் ஏறக்குறைய ஒன்றுதானே?

பதில்: இல்லை. கியூஎல்இடி என்று விற்கப்படுவது பின்விளக்கு உள்ள எல்சிடிதான். அதில் குவாண்டம் டாட் என்ற நுண்துகள்கள் உள்ள படலம் சேர்ந்திருக்கும். அதனால் சிவப்பும் பச்சையும் செறிவாக வரும். கறுப்பு கறுப்பாக வருவதற்கும் இந்தப் படலத்துக்கும் தொடர்பில்லை. லோக்கல் டிம்மிங் இல்லாத கியூஎல்இடி, நிறம் நன்றாக வரும் சாதாரண டிவி, அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் வீட்டில் பகலில் செய்தியும் சீரியலும்தான் ஓடும். கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் நிறைய வரும். மூன்று பேர் நேராகவும் இரண்டு பேர் பக்கவாட்டிலும் உட்காருவோம். 43 அங்குலம் வாங்கலாம் என்று இருக்கிறோம். விலை கூடியதற்குப் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். நல்ல கறுப்பு இருட்டறையில்தான் கண்ணுக்குப் புலப்படும். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழும் கூடத்தில் அதற்குக் கொடுத்த பணம் தெரியாமலே போய்விடும். உங்களுக்கு ஓஎல்இடி பொருந்தவே பொருந்தாது. செய்தி சேனலின் சின்னமும் கீழே ஓடும் பட்டையும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால், அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்து, சேனலை மாற்றினாலும் நிழல் தங்கிவிடலாம்.

உங்கள் விஷயத்தில் பக்கவாட்டில் உட்காரும் இரண்டு பேர்தான் முக்கியம். எல்சிடி பேனல்களில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகைகள் பரவலாக இருக்கின்றன. விஏ பேனலின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 3000:1க்கு மேல் போகும். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் முகங்கள் வெளுத்துவிடும். ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட் 1000:1 அளவில்தான் இருக்கும்; நிறமோ பக்கத்திலிருந்தும் மாறாது. நீங்கள் ஐபிஎஸ் எடுங்கள். விவரப் பட்டியலில் இது பெரும்பாலும் இருக்காது. கடையில் திரையின் ஓரமாக நின்று மனித முகம் வரும் காட்சியைப் பாருங்கள், புரிந்துவிடும்.

43 அங்குலத் திரையில் 1.7 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால், இயல்பான பார்வை உள்ளவருக்கு ஃபுல் எச்டிக்கும் அதைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள 4கேக்கும் வித்தியாசம் தெரியாது. 55 அங்குலத்தில் இந்தத் தூரம் சுமார் 2.2 மீட்டர். முதலில் சோபாவிலிருந்து சுவர்வரை நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டே வருடத்தில் டிவியில் படம் போய்விட்டது, சத்தம் மட்டும் வருகிறது. விலை குறைந்தது வாங்கியதுதான் தவறா?

பதில்: முதலில் ஒரு சோதனை. அறையை இருட்டாக்கி டிவியைப் போட்டு, கைவிளக்கைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் நகர்வது தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் நலமாக இருக்கின்றன. போனது பின்விளக்கு, அல்லது அதற்கு மின்சாரம் தரும் பகுதி.

பின்விளக்கு ஸ்ட்ரிப்புகளில் (எல்இடிகள் பொருத்திய நீளப் பட்டைகளில்) எல்இடிகள் தொடர் இணைப்பில் இருக்கும். ஒரு எல்இடி அறுந்தால் அந்த வரிசை முழுவதும் அணையும். பல டிவிகளில் பாதுகாப்புச் சுற்று மற்ற வரிசைகளையும் சேர்த்து அணைத்துவிடும். விலை குறைந்த டிவிகளில் எல்இடிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் அதிக மின்னோட்டம் கொடுத்து வெளிச்சத்தை ஈடுகட்டுவது உண்டு. சூடு ஏறி ஆயுள் குறைகிறது. போதாததற்கு, பல டிவிகளில் பெட்டியிலிருந்து வரும்போதே பளிச்சென்ற 'விவிட்' முறையில் பேக்லைட் (பின்விளக்கின் அளவு) 100இல் இருக்கும். யாரும் அதைத் தொடுவதில்லை. ஆக, வாங்கியது மட்டும் காரணமில்லை, ஓட்டிய விதமும் சேர்ந்திருக்கலாம்.

பழுதுபார்க்கும்போது போன எல்இடியை மட்டும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்றவையும் அதே சூட்டில் அதே வயதைக் கடந்தவை. சில மாதங்களில் அடுத்தது போகும். முழு ஸ்ட்ரிப் செட்டையும் மாற்றச் சொல்லுங்கள். இந்த வேலைக்குப் பேனலைக் கழற்றியாக வேண்டும். அது மெல்லிய கண்ணாடி. ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கினால் விரிசல் விழும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் பட்டை இணைப்புகள் இழுபட்டால் திரையில் நிரந்தரக் கோடு வந்துவிடும். பெரிய டிவிக்கு இரண்டு பேராக வேலை செய்யும் இடத்தில் கொடுங்கள். திரும்பி வந்ததும் பேக்லைட்டை 60க்குக் குறையுங்கள். பல டிவிகளில் 'பிரைட்னஸ்' என்பது கறுப்பின் அளவை மாற்றுவது. விளக்கைக் குறைப்பது 'பேக்லைட்' என்ற தனி அமைப்பு. இந்தக் குழப்பத்தால் பலர் தவறானதைக் குறைத்துப் படத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கைவிளக்கில் எதுவுமே தெரியாமல், திரையில் விரிசல் விழுந்திருந்தால் கதை வேறு. பேனல் மாற்றும் செலவு ஏறக்குறைய புது டிவியின் விலைக்கு வந்துவிடும்.

கேள்வி: 120 ஹெர்ட்ஸ் அவசியமா?

பதில்: திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். சினிமா அதிகம் பார்ப்பவருக்குப் பயன் உண்டு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்களில் ஓடுகிறது. சாதாரண டிவி 60 ஹெர்ட்ஸ்; 60ஐ 24ஆல் மீதியில்லாமல் வகுக்க முடியாது. ஒரு ஃபிரேமை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் காட்ட வேண்டியிருக்கும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் இந்த ஏற்றத்தாழ்வு தடுக்கல் போலத் தெரியும். 120 ஹெர்ட்ஸ் பேனலில் எல்லா ஃபிரேம்களும் ஐந்து தடவை, சமமாக. 'மோஷன் ரேட் 240' போன்ற எண்கள் விளம்பரத்துக்கானவை. பேனலின் உண்மையான ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

கேம் ஆடுபவர் எச்டிஎம்ஐ துளைகளையும் சரிபார்க்க வேண்டும். 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் வாங்கும் துளைகள் பல டிவிகளில் இரண்டே இருக்கும்; அவற்றில் ஒன்றே டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் இஆர்க் துளையாகவும் இருப்பதுண்டு. சவுண்ட்பாரும் இரண்டு கேம் கருவிகளும் வைத்திருந்தால் இடம் போதாது. 'எச்டிஎம்ஐ 2.1' என்று பொதுவாக எழுதியிருப்பதை நம்பிவிடாமல், 120 ஹெர்ட்ஸ் எந்தத் துளையில் வரும் என்று கையேட்டில் பாருங்கள்.

கேள்வி: விலை குறைந்த ஸ்மார்ட் டிவி ஒரே வருடத்தில் மந்தமாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: 1 ஜிபி ரேமும் 8 ஜிபி சேமிப்பும் உள்ள டிவிகளில் உண்மை. செயலிகள் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் கனமாகின்றன. ஆனால் இதற்காக விலை கூடிய டிவிக்குப் போக வேண்டியதில்லை. நல்ல பேனல் கிடைத்தால் எடுங்கள். மந்தமானதும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகினால் தீர்ந்தது. பேனலை மாற்ற முடியாது, ஸ்டிக்கை மாற்றலாம். ஸ்டிக்கில் வைட்வைன் எல்1 என்ற திருட்டு நகல் தடுப்புச் சான்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டணச் செயலிகள் பலவற்றில் தெளிவு குறைந்த படம்தான் வரும்.

ஒலிக்கும் இதே நியாயம்தான். மெல்லிய டிவியில் பெரும்பாலும் கீழ்நோக்கிப் பேசும் 10 வாட் ஸ்பீக்கர்கள் இரண்டு இருக்கும். விலை கூட்டினாலும் பல டிவிகளில் இது பெரிதாக மாறாது; சவுண்ட்பாரைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கடையில் எப்படிச் சோதிப்பது? அங்கே எல்லா டிவியும் பளபளக்கிறதே!

பதில்: எல்லாம் கடை முறையில் ஓடுகின்றன. முதலில் வீட்டு முறைக்கு மாற்றச் சொல்லி, படத்தை 'சினிமா' அல்லது 'மூவி' அமைப்பில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு பென் டிரைவில் நான்கு கோப்புகளைக் கொண்டு போங்கள்: முழுச் சாம்பல் நிறப் படம், முழுக் கறுப்புப் படம், இருட்டான சினிமாக் காட்சி, புல்தரையில் கேமரா வேகமாகத் திரும்பும் விளையாட்டுக் காட்சி. சாம்பலில் அழுக்குத் துணியால் துடைத்தது போன்ற திட்டுகளைத் தேடுங்கள். இந்தத் திட்டுகள்தான் புல்தரைக் காட்சியில் உறுத்தும். கறுப்பில் மூலைகளில் ஒளி கசிகிறதா பாருங்கள். வீட்டில் உங்களுக்கு வருவது வேறு ஒரு பீஸ் என்பதால், இதே சோதனையைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அங்கும் செய்யுங்கள். மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை குறித்துக்கொள்ளுங்கள்; ஒரே வரிசையில் அளவு மாறினால் பேனல் வகையும் மாறிவிடலாம்.

கேள்வி: சென்ற ஆண்டின் உயர்தர மாடலும் இந்த ஆண்டின் நடுத்தர மாடலும் ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: பெரும்பாலும் சென்ற ஆண்டு மாடலை. ஒரு வருடத்தில் மென்பொருளின் தோற்றம் மாறும்; லோக்கல் டிம்மிங் உள்ள டிவிக்கும் இல்லாததற்கும் இடையிலான தூரம் ஒரு வருடத்தில் குறையாது. பெட்டி பிரிக்கப்படாததாக இருக்கட்டும். உத்தரவாதம் நீங்கள் வாங்கும் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருந்த பீஸ் என்றால், அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். பல டிவிகளில் சர்வீஸ் மெனுவில் அந்தக் கணக்கு இருக்கும். காட்சிக்கு வைத்த ஓஎல்இடியை மட்டும் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஒரே விளம்பரப் படம் நாளெல்லாம் முழு வெளிச்சத்தில் ஓடிய திரை அது. சாம்பல் படத்தைப் போட்டால் அந்தச் சின்னத்தின் நிழல் தெரிய வாய்ப்புண்டு.