அரிப்பு உடம்பில், அடி விழுவது வீட்டுக்கு

மூன்று மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு. காரணம் தெரியவில்லை. வீட்டை எதைப் போட்டுக் கழுவலாம்?
– வாசகர், திருப்பூர்

வயது எழுதவில்லை, எந்த இடத்தில் அரிக்கிறது என்று எழுதவில்லை, வீட்டில் வேறு யாராவது சொறிகிறார்களா என்பதும் இல்லை. ஆனால் தரை கழுவ யோசனை வேண்டும்! ராத்திரியில் அரிப்பு கூடுகிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி அரிக்கிறதா? அப்படியென்றால் சிரங்காக இருக்கலாம். தடிப்பே இல்லாத வெறும் அரிப்பு என்றால் சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், இரும்புச்சத்து எல்லாவற்றுக்கும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். தரைக்கு மாப்பும் தண்ணீரும் போதும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் கிரீம் மட்டும் வேண்டாம்.

டாக்டர் சிரங்கு என்றார், கிரீம் கொடுத்தார். வீடு முழுக்கப் பூச்சிமருந்து அடித்தோம். காருக்குள்ளும் அடித்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டோம். குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுகிறோம். பத்து நாளாகியும் அரிப்பு போகவில்லையே?
– வாசகி, மதுரை

இதே கடிதம் வேறு வேறு ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. நானும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிரங்குப் பூச்சி குடியிருப்பது தோலுக்குள். உடம்பைவிட்டு விழுந்தால் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். சுவருக்கும் சோபாவுக்கும் மருந்தடித்து என்ன லாபம்? உங்கள் மூச்சுக்குத்தான் கேடு. முதலில் காரின் நான்கு கதவையும் நன்றாகத் திறந்து காற்றாட விடுங்கள். சீட்டையும் ஸ்டீயரிங்கையும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்த பிறகு ஓட்டுங்கள்.

கிரீமை எப்படிப் பூசினீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அரிப்பவர் மட்டும், அரிக்கும் இடத்தில் மட்டும் தொட்டுத் தடவுவதுதான் பெரும்பாலான வீட்டில் நடக்கிறது. வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே ராத்திரி பூச வேண்டும். டாக்டர் கொடுத்தது பெர்மெத்ரின் என்ற சிரங்குக் கிரீம் என்றால் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, நகத்தடி, விரல் இடுக்கு, பிறப்புறுப்பு எதையும் விடாமல் பூசி, எட்டுப் பத்து மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மட்டும் மறுபடி. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பூசுங்கள். ‘எனக்குத்தான் அரிக்கவில்லையே’ என்று நழுவும் கணவரையும் விடாதீர்கள். முதல் தடவை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும்.

பூசிய மறுநாள் காலையே, கடைசி மூன்று நாள் உடுத்திய துணி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் கொதிக்கும் சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் மூலையில் வையுங்கள். காரை மூன்று நாள் எடுக்காமல் விட்டாலே போதும். முடியாதா? மதுரை வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்துங்கள். உள்ளே 50 டிகிரி தாண்டும், அந்தச் சூடே பூச்சிக்கு எமன்.

பத்து நாளில் அரிப்பு போகாததில் ஆச்சரியமே இல்லை. செத்த பூச்சியின் மிச்சம் தோலுக்குள் இருக்கும்வரை இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கும். கிருமிநாசினிக் குளியல் தோலை எரிக்கும். அந்த எரிச்சலைப் பூச்சி என்று நினைத்து இன்னும் இரண்டு மூடி ஊற்றுவீர்கள். நிறுத்துங்கள். குளித்ததும் தேங்காய் எண்ணெய் போதும். ஒரு மாதம் தாண்டியும் அரித்தால், அல்லது புதிதாகக் கொப்புளம் வந்தால் திரும்பக் காட்டுங்கள்.

கால் டாக்ஸி ஓட்டுகிறேன். கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பில் தடிப்பு. வண்டியைத் தினமும் துடைக்கிறேன்.
– வாசகர், கோவை

கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறீர்களா? காரில் வாசனைப் புட்டி தொங்குகிறதா? அதை முதலில் கழற்றுங்கள். ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். அப்புறம், சாலையோரப் பார்த்தீனியம். 1950களில் நம் நாட்டில் பரவத் தொடங்கிய இந்தச் செடியின் துகள் காற்றில் வந்து படிவது பெரும்பாலும் நீங்கள் சொல்லும் இடங்களில்தான். டாஷ்போர்டை உலர்ந்த துணியால் தட்டினால் தூசி உங்கள் முகத்துக்கே வரும், ஈரத்துணியால் துடையுங்கள். வாசனை போட்ட ஈரத்தாள் வேண்டாம், அதிலுள்ள பதப்படுத்தும் மருந்தும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பேட்ச் டெஸ்ட் செய்தால் எது என்று தெரியலாம். ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடிய பொருட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முதுகில் ஒட்டி, இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்ப்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பாத்திரம், பாத்ரூம் கழுவி இரண்டு கையும் வெடிப்பு. கையுறை போட்டால் இன்னும் மோசம்.
– வாசகி, சேலம்

ரப்பர் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். வினைல் கையுறை வாங்கி, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போடுங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள், அதன் அடியில் சோப்பு தங்கும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். எத்தனை தடவைதான் எழுதுவது?

தோலிலிருந்து நூல் போல வருகிறது. தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். கார் சீட்டையே மாற்றிவிட்டேன். யாரும் நம்புவதில்லை.
– பெயர் வேண்டாம், சென்னை

தீப்பெட்டியோடு தோல் மருத்துவரிடம் போங்கள். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் துணி நூலும் உலர்ந்த பொருக்கும்தான் இருக்கும். அப்படி வந்தாலும் உங்கள் அரிப்பு பொய்யாகிவிடாது. ஊர்கிற உணர்வை நரம்பும் தரும், சில மாத்திரைகளும் தரும். மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னால் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அவர் தரும் மருந்தில் இது அடங்கியவர்கள் உண்டு. ஊசியால் தோலைக் கிளறுவதை இன்றே விடுங்கள். காருக்கு இனி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

பிள்ளையின் துணிக்குள் நாப்தலீன் உருண்டை போடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

கூடாது. சில குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணு உடையும்.